பறையும் கிட்டாரும்: பறித்த இசை, சுமத்திய இசை

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் ஏப்ரல் 14 விழா மேடைகளில் பறைக்குப் பக்கத்தில் இப்போது கிட்டாரும் நிற்கத் தொடங்கியிருக்கிறது. கல்லூரித் தோழர்கள் குழு அமைக்கிறார்கள், பாட்டு எழுதுகிறார்கள், பதிவு செய்து வெளியிடுகிறார்கள். மகிழ்ச்சி. அவர்களில் பலர் ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: "ப்ளூஸ் கறுப்பர்களின் பறை, பறை நம்முடைய ப்ளூஸ்."

இந்த வாக்கியம் பாதி உண்மை. இரண்டும் ஒடுக்கப்பட்டவர்களின் கையிலிருந்து வந்த இசை. ஆனால் அங்கே நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்றல்ல. சொல்லப்போனால் நேர் எதிர். அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் ஆப்பிரிக்கத் தாளத்தையும் நாட்டுப்புற மெட்டையும் ப்ளூஸ் கிட்டாரையும் ஒன்றாகக் கலந்தால் பாட்டு நன்றாக வரலாம், அரசியல் வராது.

அங்கே மேளத்துக்குத் தடை

1739 செப்டம்பரில், அப்போது பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றி, மேளம் முழங்க அணிவகுத்துப் போனார்கள். மேளச் சத்தம் கேட்டு வழியில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1740இல், ஆண்டைகளின் சபை ஒரு சட்டம் போட்டது. அடிமைகள் எழுதக் கற்பதற்கும், கூட்டம் கூடுவதற்கும், மேளம் அடிப்பதற்கும், கொம்பு ஊதுவதற்கும் தடை. எழுத்தையும் மேளத்தையும் ஒரே சட்டத்தில் தடுத்திருக்கிறார்கள். இரண்டுமே செய்தி சொல்லும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மேளம் போனால் தாளம் போய்விடுமா? கைதட்டலில், கால் மிதியில், தொடையிலும் மார்பிலும் தட்டிக்கொள்வதில் அது தங்கியது. வயலில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பதில் கொடுக்கும் முறை நீடித்தது. நடவுப் பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு அந்த முறை புதிதல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி, காம்பில் நரம்பு ஏற்றி வாசித்த கருவிகளின் நினைவிலிருந்து பாஞ்சோ பிறந்தது. அதையே வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பர்களைக் கேலி செய்யும் நாடகக் கருவியாக மாற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிட்டார் மலிந்தது. அஞ்சலில் பணம் அனுப்பினால் வீட்டுக்கு வந்து சேரும் பொருளாயிற்று. அதுவும் வாங்க முடியாதவர்கள் வீட்டுச் சுவரில் இரண்டு ஆணி அடித்து ஒரு கம்பியைக் கட்டி, பாட்டிலைத் தேய்த்து வாசித்தார்கள்.

டபிள்யூ. சி. ஹேண்டி என்ற கறுப்பின இசைக்கலைஞர் 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவரைக் கண்டதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கிழிந்த உடையில் இருந்த அந்த மனிதர் கத்தியைக் கம்பிமேல் தேய்த்துக் கிட்டார் வாசித்தாராம். கட்டைவிரல் அடிக்கம்பிகளில் தாளத்தை விடாமல் பிடிக்கும்; மற்ற விரல்கள் மேல்கம்பிகளில் பாடும்; கத்தியோ பாட்டில் கழுத்தோ சுரத்தை இழுத்து வளைத்து மனிதக் குரலைப் போல அழவைக்கும். மேளத்தைப் பறிகொடுத்தவர்களின் பிள்ளைகள் மேளத்தையும் குரலையும் ஒரே கிட்டாருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 1920இல் மேமி ஸ்மித் பாடிய ப்ளூஸ் இசைத்தட்டு பெரிய அளவில் விற்ற பிறகுதான் கறுப்பர்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு உறைத்தது. உடனே 'இன இசைத்தட்டுகள்' என்று தனி வரிசை போட்டார்கள். அமெரிக்க இசைத்தட்டுக் கடைக்குள்ளும் ஊர் தனி, சேரி தனி.

இங்கே மேளம் கட்டாயம்

இப்போது நம் கதைக்கு வருவோம். இங்கே பறையை யாரும் தடை செய்யவில்லை. அடிக்க மாட்டேன் என்று சொல்வதைத்தான் தடை செய்தார்கள். சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, ஊருக்குச் சேதி சொல்ல அடி. கூலி என்பது படியரிசியோ, களத்தில் விடும் நெல்லோ, ஒரு குவளைச் சாராயமோ. அடிக்க மறுத்தால் வேலை கிடையாது, பாதை கிடையாது, சில இடங்களில் உயிரும் கிடையாது. அமெரிக்க ஆண்டை மேளத்தைப் பிடுங்கி அடிமையை அடக்கினான். இங்கே உள்ள ஆண்டை மேளத்தைக் கழுத்தில் மாட்டி அடக்கினான்.

அதனால் விடுதலையின் முதல் அடியும் வேறாக இருந்தது. கறுப்பினத்தவருக்கு மேளத்தை மீண்டும் எடுப்பது விடுதலை. நம் தாத்தாக்களுக்கு மேளத்தைக் கீழே போடுவதுதான் விடுதலை. திண்டிவனமும் ஓமந்தூரும் அன்று தென்னாற்காடு மாவட்டம். அதே மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில் பகுதியில் தோழர் எல். இளையபெருமாள் இழிதொழில் மறுப்பை ஓர் இயக்கமாகவே நடத்தினார். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்பது அதன் முக்கியமான முழக்கம். பின்னாளில் அவர் தலைமையில் அமைந்த குழுதான் தீண்டாமை குறித்து நாடு முழுவதும் விசாரித்து 1969இல் ஒன்றிய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் "அந்தச் சனியனை ஏண்டா மறுபடியும் தூக்குற" என்று கேட்டால், அவருக்குப் பண்பாட்டு அறிவு இல்லை என்று சிரிக்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது.

ஊராட்சி அறிவிப்புக்குத் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் அனுப்பியது 2022 ஆகஸ்டில். ஒலிபெருக்கி வந்து எத்தனை காலமாயிற்று, கணக்குப் போட்டுப் பாருங்கள். சேதி சொல்ல வேறு வழி இல்லாமலா அதுவரை மேளம் அடிக்க வைத்தார்கள்?

ஓமந்தூராரின் ஆண்டில் இரண்டு சட்டங்கள்

ஓமந்தூரின் பெயரை நாடறியச் செய்தவர் ஓ. பி. ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தவர். அவர் ஆட்சியில் 1947இல் வந்த இரண்டு சட்டங்களை நாம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒன்று, கோயில் நுழைவு அனுமதிச் சட்டம். அது கதவைத் திறந்தது. ஆனால் சட்டம் பிறந்த ஆட்சித் தலைவரின் இதே மாவட்டத்தில், விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், 2023இல் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைந்ததற்காகத் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதத்தில் கோயிலையே அதிகாரிகள் பூட்டிச் சீல் வைத்தார்கள். 76 ஆண்டு கழித்தும் நம் கை அடிக்கும் மேளம் சாமிக்கு வேண்டும், நம் கால் கோயிலுக்குள் வேண்டாம்.

இரண்டாவது, தேவதாசி ஒழிப்புச் சட்டம். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை அது தடுத்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், அந்தச் சமூகத்தில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றது அது. வேண்டிய சட்டம்தான். ஆனால் அதன் பக்கத்திலேயே இன்னொன்று நடந்தது. அந்தப் பெண்கள் ஆடிய சதிர், 1930களிலிருந்தே பெயர் மாறி, பரதநாட்டியமாகி, பார்ப்பனக் குடும்பப் பெண்களின் கலையாகச் சபாக்களில் மரியாதை பெற்றது. இழிவு ஆடியவர்களிடமே தங்கியது. ஆட்டம் வேறு வீட்டுக்குப் போனது.

இந்த இரண்டாவது பாடம் பறைக்கும் பொருந்தும். கட்டாயம் ஒழிய வேண்டும். ஒழிந்த பிறகு அந்தக் கலையின் மதிப்பு யார் வீட்டுக்குப் போகிறது என்பதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பறை இன்று கல்லூரிகளில் பயிற்சி வகுப்பாகிவிட்டது. யாரும் கற்கலாம். கற்றவர் மேடையில் கலைஞர். அதே நாளில், அதே அடியைச் சாவு வீட்டில் அடிப்பவர் இன்னமும் 'மேளக்காரன்'. இந்த இடைவெளி இருக்கும்வரை மீட்பு முடியவில்லை.

ஆப்பிரிக்காவிலும் சாதி உண்டு

ப்ளூஸின் தாய்வீடு என்று மேற்கு ஆப்பிரிக்காவை, குறிப்பாக மாலி நாட்டைச் சொல்வார்கள். அதற்குக் காரணமானவர்களில் முக்கியமானவர் கிட்டார் கலைஞர் அலி ஃபர்கா தூரே. நைஜர் ஆற்றங்கரை நியாஃபுங்கேவைச் சேர்ந்தவர். ஒற்றை நரம்புக் கருவியில் தொடங்கிக் கிட்டாருக்கு வந்தவர். அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் ஜான் லீ ஹூக்கரைக் கேட்டபோது அதில் தன் மண்ணின் இசையை அடையாளம் கண்டதாகச் சொன்னவர். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடருடன் அவர் 1994இல் வெளியிட்ட 'டாக்கிங் டிம்பக்டு' கிராமி விருது பெற்றது. கப்பலில் அடிமையோடு போன இசை, கிட்டாராகத் திரும்பி வந்து தாயைச் சந்தித்தது என்று உலகம் கொண்டாடியது.

உலக இசைப் பத்திரிகைகள் அதிகம் பேசாத ஒன்று உண்டு. மாலி, செனகல், கினி நாடுகளில் இசை பாடுவது பிறப்பால் வரும் தொழில். ஜெலி அல்லது கிரியோ என்று அழைக்கப்படும் பாணர் குலத்தார் பாடுவார்கள். கொல்லர், தோல் தொழிலாளர் போலவே அவர்களும் தங்களுக்குள்தான் மணம் முடிக்க வேண்டும். அரச வரலாறு அவர்கள் நாவில் இருந்தது. ஆனாலும் உயர்குடி அவர்களோடு மண உறவு வைக்காது. செனகலின் சில பகுதிகளில் பாணர்களை மண்ணில் புதைத்தால் நிலம் மலடாகும் என்று சொல்லி, பெருக்க மரத்தின் பொந்துக்குள் வைத்து மூடினார்கள். சுடுகாட்டுப் பாதைக்காக இன்றும் போராடும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அலி ஃபர்கா தூரே பாணர் குலத்தவர் அல்ல, உயர்குடியில் பிறந்தவர். இசை நம் குடிக்கு அடுக்காது என்று அவர் வீட்டார் எதிர்த்தார்கள். சலீஃப் கெய்த்தாவும் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் வழிவந்தவர். அவருக்கும் அதே எதிர்ப்பு. மீறி வந்ததற்காக இருவரையும் மதிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உயர்குடியில் பிறந்தவர் பாடினால் அது புரட்சி. பாணர் குலத்தவர் பாடினால் அது குலத்தொழில். 2005இல் அலி ஃபர்கா தூரேயின் கிட்டாரும், பாணர் குலத்து தூமானி ஜபாத்தேயின் கோரா யாழும் ஒரே இசைத்தட்டில் சரிசமமாக உட்கார்ந்தன. அந்தத் தட்டை ஆப்பிரிக்க இசைக் கலப்பு என்று கேட்டுவிட்டுப் போகலாம். சாதித் தடுப்பின் இரு பக்கத்திலிருந்தும் வந்த இரண்டு கைகள் என்றும் கேட்கலாம். நாம் இரண்டாவது விதமாகக் கேட்கப் பழக வேண்டும்.

'சுராங்கனி'யில் ஒளிந்திருக்கும் ஆப்பிரிக்கா

ஆப்பிரிக்கத் தாளமும் கிட்டாரும் தமிழர்களிடம் வந்து சேர்ந்தது இன்று நேற்றல்ல. இலங்கை வழியாக எப்போதோ வந்துவிட்டது.

போர்ச்சுகீசியர்கள் 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகவும் படையாட்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அதைத் தொடர்ந்தார்கள். அவர்களின் வழிவந்தோர் இன்றும் புத்தளம் அருகே சிரம்பியடியில் வாழ்கிறார்கள். வந்தேறிய ஆட்சிகள் வைத்த 'காப்பிரி' என்ற பெயரையே சுமக்கிறார்கள். சிரட்டையும் கரண்டியும் தட்டி அவர்கள் பாடும் மஞ்ஞா இசை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆப்பிரிக்கத் தாளமும் போர்ச்சுகீசியப் பாட்டும் கலந்த 'கஃப்ரிஞ்ஞா'விலிருந்து, கிட்டாரோடு பைலா கிளைத்தது. ஆறு எண்ணிக்கையில் துள்ளி ஓடும் அந்தத் தாளத்தைக் கேட்டால் நம் கால் தானாக ஆடும். கானாவும் பறையின் பல அடிகளும் அதே ஆறு எண்ணிக்கை ஓட்டத்தில் வருகின்றன.

1960களின் இறுதியில் நித்தி கனகரத்தினம் கிட்டாரோடு 'சின்ன மாமியே' பாட, ஈழத்துப் பொப்பிசை பிறந்தது. ஏ. இ. மனோகரன், அதாவது சிலோன் மனோகர், 'சுராங்கனி'யைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாக் கச்சேரியிலும் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்திலும் அந்தப் பாட்டுக்கு ஆடாதவர் யார்? ஆடிய எத்தனை பேருக்கு அந்தத் துள்ளலுக்குள் ஓர் அடிமைக் கப்பல் இருப்பது தெரியும்? பாட்டு ஊரெல்லாம் சுற்றியது. அந்தத் தாளத்தைக் கொடுத்தவர்கள் புத்தளத்தின் ஒரு மூலையில் மறக்கப்பட்டுக் கிடந்தார்கள். கலப்பு நடந்தாலே நீதி நடந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதுவே பதில்.

பெயர் எங்கே, பணம் எங்கே

'உலக இசை' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 1987 ஜூனில் லண்டன் மதுக்கடை ஒன்றின் மாடியில் சில இசைத்தட்டு வியாபாரிகள் கூடினார்கள். ஆப்பிரிக்க, ஆசிய இசைத்தட்டுகளைக் கடையில் எந்த அலமாரியில் வைப்பது என்ற சிக்கலுக்குத் தீர்வாக இந்தப் பெயரைத் தேர்ந்தார்கள். வெள்ளையர் இசைக்குப் பல அலமாரிகள். மீதி உலகம் முழுவதற்கும் ஒரே அலமாரி.

அலமாரிக்குப் பின்னால் நடப்பதற்கு ஓர் உதாரணம் போதும். தென்னாப்பிரிக்காவின் சூலு தொழிலாளி சாலமன் லிண்டா 1939இல் 'ம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். உரிமைக்கு அவர் பெற்றது 10 ஷில்லிங். அதே மெட்டு அமெரிக்காவில் வேறு பெயர்களில் பெரும் புகழ் பெற்றது. 1994இல் 'லயன் கிங்' படத்திலும் ஒலித்தது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். அவர் பிள்ளைகள் வழக்குப் போட்டு உடன்பாடு காண 2006 ஆயிற்று.

நம் பக்கத்துக்கு வருவோம். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர். கானா, பறை, சட்டி, டோலக்கு, ராப், கிட்டார் எல்லாம் ஒரே மேடையில். பெயரை அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து எடுத்தார்கள். அங்கே கிட்டார் விருந்தாளி; கானாவும் பறையும் வீட்டுக்காரர்கள். இதைத்தான் முன்மாதிரி என்கிறேன். இட ஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் பாட்டாக்கியபோது அந்தக் கலப்பு யாருக்காக என்பதில் சந்தேகமே எழவில்லை.

அதே குழுவில் பாடிய அறிவு, 2021 மார்ச்சில் தீயுடன் சேர்ந்து சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் 'என்ஜாய் எஞ்சாமி'யைப் பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை அந்தப் பாட்டுக்குள் இருந்தது. ஒப்பாரியின் சாயலும் இருந்தது. உலகமே கேட்டது. ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் அந்தப் பாட்டைச் சொல்லித் தீயின் படம் வந்தது, அறிவின் படம் வரவில்லை. கேள்வி எழுந்த பிறகுதான் அவருக்கும் ஓர் அட்டை வந்தது. 2022இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது அறிவு மேடையில் இல்லை. பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற விவாதம் இரு தரப்பு அறிக்கைகளோடு வெளியில் நடந்தது. பாட்டால் தனக்கும் ஒரு காசு வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணனும் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் கணக்கு இது. லிண்டாவின் 10 ஷில்லிங்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குழு அமைக்கும் தோழர்களுக்கு

பறையை மீண்டும் எடுத்தவர்கள் யோசித்துத்தான் எடுத்தார்கள். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற தியோபிலஸ் அப்பாவு, கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் ஆண்ட தேவாலயத்துக்குள் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கொண்டுபோனார். திண்டுக்கல் சக்தி கலைக்குழு, பெண்கள் தொடக் கூடாத கருவி என்று இருந்ததைத் தலித் பெண்களின் கையில் கொடுத்தது. சென்னையில் மணிமாறனின் புத்தர் கலைக்குழு பறையை அரசியல் மேடையின் கருவியாக்கியது. இழிவாகச் சுமத்தியதைக் கீழே போட்ட பிறகு, விருப்பத்தோடு குனிந்து எடுத்தார்கள். அந்த இடைவெளியில்தான் விடுதலை இருக்கிறது.

ஆகவே கிட்டாரோடு சேர்த்துப் பறை அடிக்கும் முன் சிலவற்றைப் பேசி முடிவு செய்யுங்கள். பறையடிக்கும் தோழர் விருப்பத்தோடு வந்தாரா, பிறப்பைச் சொல்லி அழைத்து வந்தீர்களா? கிட்டார் கலைஞருக்குக் கொடுக்கும் அதே தொகை அவருக்கும் உண்டா? கிட்டாரின் சுருதிக்காகத் தோலைக் கழற்றி ஃபைபர் மாட்டச் சொல்கிறீர்களா, தீயில் காய்ச்சிய தோலின் குரலுக்கு இடம்விட்டுக் கிட்டாரை அமைக்கிறீர்களா? பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர், அடியைச் சொல்லிக்கொடுத்த பெரியவர், ஒப்பாரியைத் தந்த பாட்டி ஆகியோரின் பெயர்கள் பதிவேற்றும் இடத்தில் இருக்கின்றனவா? வருமானம் வந்தால் எப்படிப் பங்கு என்பது காகிதத்தில், எல்லோர் கையெழுத்தோடும் இருக்கிறதா?

1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைக் குறிப்பிட்டுவிட்டு, அவர் கேட்டது இரண்டு மூன்று நகல்கள். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அனுப்பிய மனுவின் நகல்கள். ஒற்றுமையைச் சொல்லி நெகிழ்வதோடு நிறுத்தாமல், உரிமை கேட்கும் முறையைக் கற்றுக்கொள்ளக் கேட்டார். ப்ளூஸிடமிருந்து நாம் கேட்டு வாங்க வேண்டியதும் அதுதான். கம்பியை எப்படி வளைப்பது என்பதை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். பறிபோன பெயரையும் பணத்தையும் அவர்கள் எப்படிக் கேட்டு வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துக் கற்போம். அடுத்த ஏப்ரல் 14 மேடை ஏறும் முன், அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறுங்கள். ஜெய்பீம்.